சொட்டுகிற இடமும் உடைந்த ஓடும்: லினக்ஸ் பேக்கேஜ் மேனேஜர் கிராஷ் ஆனால் காரணத்தைத் தேடுவது எப்படி?

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். தக்கலையில் கல்லூரி படிக்கும் உறவுக்காரப் பையன் போனில் கூப்பிட்டான். "அண்ணா, ஆப்ட் கிராஷ் ஆயிட்டு. எல்லாத்தையும் அழிச்சிட்டு உபுண்டுவை மறுபடி போட்டிரட்டா?"

"ஒண்ணையும் அழிக்காத மக்கா, நான் வாறேன்" என்றேன்.

ஆப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜர். அவனுடைய அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் லினக்ஸ் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதல்ல. உபுண்டு, டெபியன் எல்லாம் அதன் வகைகள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸும் இருந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் உபுண்டு வழி வந்த சிஸ்டத்தில்தான் படிக்கிறார்கள். ஆனாலும் 'கிராஷ்' என்ற ஒரே சொல்லைப் பத்து விதமான சங்கடங்களுக்கும் சொல்கிறோம். பத்துக்கும் 'அழித்துவிட்டு மறுபடி போடு' என்ற ஒரே வைத்தியத்தைச் செய்கிறோம். அப்படி அழிக்கும்போது காரணத்தைக் காட்டக்கூடிய தடயமும் சேர்ந்து போய்விடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளலாம் என்பதால் அடியிலிருந்தே வருகிறேன்.

கலவறையில் நடக்கும் வேலை

நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஆக்குப்புரைக்குப் பக்கத்தில் ஒரு கலவறை இருக்கும். அரிசி, தேங்காய், காய்கறி, வெல்லம் எல்லாம் அங்கேதான். பொறுப்புக்கு ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். சமையல்காரரான தவசிப்பிள்ளை வந்து "அவியலுக்கு வேணும்" என்றால், சேனை, முருங்கைக்காய், தேங்காய், தேங்காய் எண்ணெய் என்று அதற்கு வேண்டியது எல்லாவற்றையும் அவர் கணக்குப் பார்ப்பார். இருப்பதை எடுத்துக் கொடுப்பார், இல்லாததைக் கோட்டாறு கம்போளத்துக்கு ஆள் அனுப்பி வாங்குவார், வந்ததையும் போனதையும் நோட்டில் எழுதுவார்.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது பேக்கேஜ் மேனேஜர். ஒரு நிரலையும் அதற்கான கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய மூட்டைதான் பேக்கேஜ். ஒரு பேக்கேஜ் வேலை செய்ய இன்னொன்று வேண்டும் என்றால் அந்த உறவு டிபென்டென்சி. அவியலுக்குத் தேங்காய் மாதிரி. பேக்கேஜ்களை அடுக்கி வைத்திருக்கும் இணையக் கிடங்கு ரெப்போசிட்டரி. அது நமக்குக் கம்போளம்.

டெபியன், உபுண்டு குடும்பத்தில் இந்தப் பொறுப்பு இரண்டு பேருக்கு. எது வேண்டும், எது முதலில், எங்கிருந்து என்று திட்டமிட்டு இறக்கிக்கொண்டு வருவது ஆப்ட். மூட்டையை அவிழ்த்து உரிய இடத்தில் அடுக்கி, நோட்டில் எழுதுவது டிபிகேஜி. ஃபெடோராவில் டிஎன்எஃப்பும் ஆர்பிஎம்மும், ஆர்ச் லினக்ஸில் பேக்மேன். பெயர்கள் வேறானாலும் வேலை இதேதான்.

நோட்டு என்றேன் அல்லவா, அது உண்மையிலேயே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. 'வார்' அடைவுக்குள், அதாவது ஃபோல்டருக்குள், 'லிப்', அதற்குள் 'டிபிகேஜி', அதில் 'ஸ்டேட்டஸ்' என்ற கோப்பு. உங்கள் கணினியில் எந்தெந்த பேக்கேஜ் எந்தப் பதிப்பில் எந்த நிலையில் இருக்கிறது என்பது முழுக்க அதில் வரிவரியாக இருக்கிறது. திறந்து வாசித்தே பார்க்கலாம்.

இது போக ஒரு துண்டுச்சீட்டும் உண்டு. ஒவ்வொரு தடவையும் நோட்டையும் கம்போளத்துச் சரக்குப் பட்டியலையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் பொழுது போய்விடும். அதனால் ஆப்ட் இரண்டையும் படித்து, 'இந்தப் பெயர் இந்த இடத்தில்' என்று எண்களால் ஆன ஒரு குறிப்பைத் தயார் செய்து வைத்துக்கொள்கிறது. 'வார்', 'கேச்', 'ஆப்ட்' என்ற அடைவு வழியில் இருக்கும் 'பிகேஜிகேச் டாட் பின்' என்ற கோப்பு அது. இதைத் துண்டுச்சீட்டு என்றே சொல்லப்போகிறேன். தயவுசெய்து நினைவில் வையுங்கள், கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

'முடியாது' என்று சொல்வது வேறு, மயங்கி விழுவது வேறு

தேங்காய் தீர்ந்துவிட்டது, கம்போளத்திலும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். கலவறைக்காரர் என்ன சொல்வார்? "தேங்காய் இல்லை, அவியல் நடக்காது." தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுத்தான் முடியாது என்கிறார். இது பிழைச்செய்தி.

அதே மனிதர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கிச் சரிந்தால்? தேங்காய் இருக்கிறதா இல்லையா என்ற பதிலே வராது. இதுதான் கிராஷ்: நிரல் தான் நினைத்தபடி முடிக்காமல், வலுக்கட்டாயமாக நிறுத்தப்படுவது.

என்னிடம் 'கிராஷ்' என்று வருகிற பெரும்பாலானவை முதல் வகைதான். "லாக் கிடைக்கவில்லை" என்று ஆப்ட் சொன்னால், வேறொரு நிரல் ஏற்கெனவே நோட்டைக் கையில் வைத்திருக்கிறது என்று பொருள். லாக் என்பது ஒரே நேரத்தில் இரண்டு பேர் நோட்டில் எழுதாதபடி போடும் பூட்டு. பின்னணியில் தானாக ஓடும் அப்டேட்டாக இருக்கும்; கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரையும் எழுத விடுகிற காரியம் அது, நோட்டே பாழாகலாம். "டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது" என்று வந்தால், விட்ட இடத்திலிருந்து முடிக்க என்ன கட்டளை கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியே சொல்கிறது. டிபென்டென்சி நிறைவேறவில்லை என்றாலும் அப்படித்தான். இவை எதுவும் கிராஷ் அல்ல.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஓர் எண் போதும். எந்த நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் அடுத்த வரியிலேயே 'எக்கோ' என்று எழுதி, இடம் விட்டு, டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துப் போட்டால் அந்த எண் தெரியும். 0 என்றால் எல்லாம் நலம். ஆப்ட்டின் கட்டளையான ஆப்ட்-கெட் பிழை சொல்லி நிறுத்தினால் 100. 139, 134, 137 போல 128-க்கு மேல் வருகிற எண் என்றால் பெரும்பாலும் அது மயங்கி விழுந்த கேஸ். 128-ஐக் கழித்தால் மிச்சம் வருவது, கெர்னல் அந்த நிரலுக்கு அனுப்பிய சிக்னலின் எண். கெர்னல் என்பது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் லினக்ஸின் மையப்பகுதி. சிக்னல் என்பது அது ஓடுகிற நிரலுக்கு அனுப்பும் தாக்கீது.

139 என்றால் சிக்னல் 11. இதை இப்போதே விளக்குகிறேன். 134 என்றால் சிக்னல் 6. உள்ளே ஏதோ சரியில்லை என்று கண்டு நிரல் தானே கை விட்டது. 137 என்றால் சிக்னல் 9, வெளியிலிருந்து கொல்லப்பட்டது. ரேம் குறைந்த பழைய மடிக்கணினியில் 137 வந்தால், நினைவகம் தீர்ந்து கெர்னலே நிரலைக் கொன்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கே நிரலில் தவறு இல்லாமலும் போகலாம்.

தக்கலைப் பையனின் மடிக்கணினியில் போய் உட்கார்ந்ததும் நான் பார்த்தது இந்த எண்ணைத்தான். 139. பையன் சொன்னது சரி, உண்மையான கிராஷ்.

எல்லைக்கல்லைத் தாண்டிய கால்

139 வரும்போது திரையில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற வார்த்தை வரும். பயமுறுத்துகிற பெயர், உள்ளே இருக்கும் விஷயம் எளிது.

ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போது கெர்னல் அதற்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. பத்திரத்தில் எழுதிய எல்லைக்கல்லுக்குள் ரப்பர் வைக்கலாம், வாழை வைக்கலாம். அடுத்த சர்வே எண்ணில் கால் வைக்க முடியாது. நிரல் ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் அந்த முகவரி அதற்குச் சொந்தமா என்று புராசசரே சரிபார்க்கிறது. சொந்தமில்லை என்றால் அந்த நொடியிலேயே நிறுத்திக் கெர்னலிடம் சொல்கிறது. கெர்னல் சிக்னல் 11-ஐ அனுப்புகிறது, நிரல் முடிகிறது. ஒதுக்கப்படாத நினைவகத்தைத் தொடப்போய் நிறுத்தப்படுவதே செக்மென்டேஷன் ஃபால்ட். மற்ற நிரல்களைக் காப்பாற்றும் காவல் அது.

சரி, ஒரு நிரல் ஏன் எல்லை தாண்டுகிறது? எங்கே போக வேண்டும் என்று அது கையில் வைத்திருக்கும் எண் தப்பாக இருப்பதால். துண்டுச்சீட்டில் "தேங்காய், 214-ம் பக்கம்" என்று இருக்கிறது, நோட்டில் மொத்தமே 200 பக்கம் என்றால் மனிதர் சிரித்துக்கொண்டே சீட்டைக் கீழே போடுவார். நிரலுக்கு அந்த விவேகம் தானாக வராது. 'போவதற்கு முன் பக்க எண்ணைச் சரிபார்' என்று யாராவது எழுதி வைத்திருந்தால் பார்க்கும். எழுதாவிட்டால் இல்லாத 214-ம் பக்கத்தைப் புரட்டப் போய் விழும்.

இதுவரை வந்ததில் இரண்டு விஷயம் கையில் இருந்தால் போதும். காரணம் சொல்லி நிறுத்துவது பிழை, சொல்ல முடியாமல் நிறுத்தப்படுவது கிராஷ். 139 என்பது தப்பான முகவரிக்குப் போனதன் அடையாளம். ஆனால் அந்தத் தப்பான முகவரி எங்கிருந்து வந்தது என்பதை 139 சொல்வதில்லை.

வெயில் நாளில் ஒழுக வைப்பது

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. ஆனி ஆடிச் சாரலில் ஒழுகும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுகாது. மேற்குக் காற்றோடு சாய்ந்து அடித்தால்தான் சொட்டும். ஓடு மாற்றுகிறவர் வெயில் நாளில்தான் வருவார். வந்து பார்த்தால் எல்லா ஓடும் நன்றாகவே இருக்கும். அப்பா ஒரு வழி வைத்திருந்தார். செம்பில் தண்ணீரோடு ஏணியில் ஏறி, சாரல் அடிக்கும் பக்கத்திலிருந்து ஓடு ஓடாக ஊற்றுவார். நான் உள்ளே அண்ணாந்து பார்த்து நின்று, சொட்டு விழுந்ததும் "இஞ்ச!" என்று கத்துவேன்.

ஒழுக்கை நாம் வேண்டும்போது வரவழைப்பதற்குப் பெயர்தான் மறுநிகழ்த்தல். கணினிக்காரர்கள் ரீப்ரொட்யூஸ் செய்வது என்பார்கள். கிராஷைத் தேடுவதில் நேரம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது, போகவும் வேண்டும். வேண்டும்போது வரவழைக்க முடியாத கிராஷைச் சரிசெய்தோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இன்று வரவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

அதற்கு முன் ஒன்று. எதையும் தொடுவதற்கு முன்பு நகல் எடுங்கள். ஆப்ட் கிராஷ் என்றால் டிபிகேஜியின் நோட்டு, ரெப்போசிட்டரியிலிருந்து இறக்கிய பட்டியல்கள், துண்டுச்சீட்டு, எந்தக் கம்போளம் என்று எழுதியிருக்கும் சோர்சஸ் கோப்புகள், ஆப்ட் அமைப்புகள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். 'ஒரு தடவை அப்டேட் அடித்துப் பார்ப்போமே' என்று கை துறுதுறுக்கும். அந்த ஒரு தடவையில் பட்டியல் மாறிவிடலாம், துண்டுச்சீட்டு புதிதாகிவிடலாம், கிராஷ் நின்றே போகலாம். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த மாதம் மறுபடி வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

நகல் எடுத்த பிறகு பையனிடம் விசாரித்தேன். முதலில் எப்போது வந்தது? முந்தின நாள் ராத்திரி. அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்? ஆப்ட் அப்டேட். அப்புறம்? "இடி வெட்டிச்சு, கரண்ட் போச்சு." மடிக்கணினியின் பேட்டரி செத்து வருஷமாகிறது, பிளக்கில் சொருகினால்தான் ஓடும். கரண்ட் போன அந்த நொடியில் கணினியும் அணைந்திருக்கிறது. மறுநாள் எந்த பேக்கேஜை நிறுவப் போனாலும், பட்டியல்களைப் படிக்கிறேன் என்ற வரி வந்தவுடன் விழுகிறது. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தோம். பத்துத் தடவையும் அதே இடம்.

மாறாமல் அதே இடத்தில் விழுவது நல்ல செய்தி. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால், ஆப்ட் மட்டுமல்லாமல் பிரவுசரும் பிற நிரல்களும் காரணமில்லாமல் விழுந்தால், ரேம் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே மெம்டெஸ்ட் என்ற நிரல் இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஓட விடலாம். எல்லா அறையிலும் ஒழுகினால் ஓட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை, கூரை மரமே உளுத்திருக்கும்.

அடுத்து, நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் வைத்தேன். கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினிதான் விர்ச்சுவல் மெஷின். அங்கே என்ன உடைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதே உபுண்டு பதிப்பு, அதே ஆப்ட் பதிப்பு. கோப்புகளை அதே அடைவுகளில் வைத்து ஓட்டினேன்.

விழவில்லை. ஒழுங்காக வேலை செய்தது.

இந்த இடத்தில்தான் பலர் 'அந்தக் கணினியில்தான் ஏதோ கோளாறு' என்று கைவிடுகிறார்கள். மறுநிகழ்த்தல் தோற்றால், நாம் நினைக்காத ஏதோ ஒரு நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டுக் கூரைக்கு மேற்குக் காற்று மாதிரி. எது விட்டுப்போனது என்று யோசித்ததில் தெரிந்தது: கோப்புகளின் நேரம். துண்டுச்சீட்டை நம்பலாமா என்று முடிவு செய்ய, அதில் குறித்திருக்கும் கோப்புகளின் அளவும் கடைசியாக மாறிய நேரமும் இப்போது இருப்பவற்றோடு ஒத்துப்போகிறதா என்று ஆப்ட் பார்க்கிறது. ஒத்துப்போகாவிட்டால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளும். நான் சாதாரணமாக நகலெடுத்து வைத்ததில் எல்லாக் கோப்புக்கும் இன்றைய நேரம் விழுந்துவிட்டது. ஆப்ட் பழைய சீட்டைத் திறந்து பயன்படுத்தவே இல்லை.

நேரம் மாறாமல் நகலெடுக்கும் வழியில், அதாவது 'சிபி' கட்டளையோடு 'ஏ' என்ற தேர்வைச் சேர்த்து, மறுபடி வைத்தேன். முதல் ஓட்டத்திலேயே விழுந்தது. 139.

அந்த ராத்திரி நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஒரு நிரல் விழுந்ததற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா என்றார்கள். ஆனால் அந்தத் தோல்வியும் அதன் பின்னால் வந்த வெற்றியும் சேர்ந்து ஒரு குற்றவாளியை ஏறக்குறைய காட்டிக்கொடுத்துவிட்டன. சீட்டைப் புதிதாக எழுதிக்கொண்டால் விழவில்லை, பழைய சீட்டை நம்பினால் விழுகிறது.

கழுக்கோல் வழியே மேலே

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருக்காது. தண்ணீர் எங்கோ உச்சியில் உள்ளே நுழைந்து, ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோல் வழியே வழிந்து, வேறெங்கோ சொட்டும். நிரலிலும் அப்படித்தான். விழுந்த வரி வேறாகவும் தவறு நடந்த இடம் வேறாகவும் இருக்கும். வழிந்த தடத்தைப் பிடித்து மேலே போக ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவி டீபக்கர். ஓடுகிற நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் நிரல் அது. லினக்ஸில் பரவலாகப் பயன்படுவது ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதத் தொடங்கியது; இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆப்ட்டை அதற்குள் வைத்து ஓட்டினால், விழும் அந்தக் கணத்தில் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்போது 'பேக்ட்ரேஸ்' என்று கேட்க வேண்டும்.

பேக்ட்ரேஸ் என்பது யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தோம் என்ற வரிசை. நிரல்கள் சிறுசிறு செயல்பாடுகளால் ஆனவை; ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றை. பேக்ட்ரேஸில் 0 என்று எண்ணிட்ட முதல் வரிதான் விழுந்த இடம், அதாவது சொட்டு. 1, 2, 3 என்று போகப்போக, அதைக் கூப்பிட்டவர், அவரைக் கூப்பிட்டவர். புதியவர்கள் 0-ம் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிதானமாக மிச்சத்தையும் வாசியுங்கள்.

முதல் தடவை கேட்டால் பெயர்களுக்குப் பதில் இரட்டைக் கேள்விக்குறிகளாக வரும். பயப்பட வேண்டாம். பதிவிறக்கம் சிறியதாக இருக்கட்டும் என்று, செயல்பாடுகளின் பெயரும் வரி எண்ணும் அடங்கிய டீபக் சிம்பல் என்ற பகுதியைப் பிரித்துத் தனி பேக்கேஜாக வைத்திருப்பார்கள். டெபியன், உபுண்டுவில் அந்தப் பேக்கேஜ்களின் பெயர் 'டிபிஜிசிம்' என்று முடியும். பேக்கேஜ் மேனேஜரே விழுகிற கணினியில் இதை நிறுவ முடியாது என்பதாலும் விர்ச்சுவல் மெஷின் நல்லது. பழுதான நகலை வைப்பதற்கு முன்பே அங்கே நிறுவிக்கொள்ளலாம்.

நிரல் விழும்போது நேரில் பிடிக்க முடியாவிட்டால் கோர் டம்ப் உதவும். விழுந்த கணத்தில் நிரலின் நினைவகம் எப்படி இருந்ததோ அதை அப்படியே கோப்பில் இறக்கி வைப்பது அது. கணினியின் நினைவகம் சின்னச் சின்னக் காந்த வளையங்களால் ஆனதாக இருந்த காலத்தில் அந்த வளையத்துக்குக் கோர் என்று பெயர். வளையங்கள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது. அந்தக் கோப்பையும் ஜிடிபியில் திறந்து பேக்ட்ரேஸ் கேட்கலாம்.

எனக்குக் கிடைத்த பேக்ட்ரேஸில் இருந்த பெயர்கள் எல்லாமே பேக்கேஜ் குறிப்புகளைத் திறந்து படிக்கும் பகுதியைச் சேர்ந்தவை. இணையத்திலிருந்து இறக்கும் பகுதியோ, மூட்டையை அவிழ்க்கும் டிபிகேஜியோ அதில் வரவே இல்லை. ஆக, நெட்வொர்க் சரியில்லை, ரெப்போசிட்டரி கெட்டுப்போச்சு என்ற சந்தேகங்கள் எல்லாம் ஒரே வாசிப்பில் விலகிவிட்டன. நிரல் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று வரிவரியாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியிலும் ஓட்டினேன். விழுவதற்குச் சற்று முன் ஆப்ட் திறந்த கோப்பு, நாம் எதிர்பார்த்த அந்தத் துண்டுச்சீட்டுதான்.

எடுத்துப் பார், வைத்துப் பார்

சந்தேகம் இருந்தால் மட்டும் போதாது. துண்டுச்சீட்டை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஓட்டினேன்: விழவில்லை. ஆப்ட் புதிதாக எழுதிக்கொண்ட சீட்டை எடுத்துவிட்டு, பழையதைத் திருப்பி வைத்து ஓட்டினேன்: விழுந்தது. இன்னொரு சுற்றும் அப்படியே. எடுத்தால் நிற்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. திருப்பி வைத்தால் வருகிறது என்பதையும் பார்த்த பிறகுதான் காரணம் என்று சொல்லலாம். இரண்டாவது பாதியைச் செய்யாமல் விடுவதால்தான் இணையத்தில் 'எனக்கு இது வேலை செய்தது' என்ற வைத்தியங்கள் இத்தனை குவிந்து கிடக்கின்றன.

குற்றவாளி துண்டுச்சீட்டாக இல்லாமல் நோட்டாக இருந்திருந்தால் வேலை கொஞ்சம் நீளும். நோட்டில் 2,000 பேக்கேஜ் பதிவு இருக்கிறது என்று வையுங்கள். நகலில் பாதியை வெட்டிவிட்டு, இந்த வெட்டிய நோட்டைப் படி என்று ஆப்ட்டுக்குச் சொல்லி ஓட்ட வேண்டும். நிஜ நோட்டைத் தொடாமலே அப்படிச் சொல்ல ஆப்ட்டில் வழி இருக்கிறது. கிராஷ் வந்தால் காரணம் மிச்சமிருக்கும் பாதியில். வராவிட்டால் பெரும்பாலும் வெட்டிய பாதியில். மறுபடி பாதி. 11 சுற்றில் 2,000 பதிவு ஒன்றாகச் சுருங்கிவிடும். பாதி நோட்டில் டிபென்டென்சி குறைகிறது என்று ஆப்ட் கத்தும், கத்தட்டும். பிழையும் கிராஷும் வேறு என்று மேலே அத்தனை நேரம் பேசியது இதற்காகவும்தான்.

நிரலின் எந்தப் பதிப்பில் தவறு நுழைந்தது என்று தேடுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். கிட் என்ற பதிப்புக் கணக்குக் கருவியில் 'பைசெக்ட்' என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. 1,000 மாற்றங்களில் குற்றமுள்ள ஒன்றைக் கண்டுபிடிக்கச் சுமார் 10 சோதனை போதும்.

எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது

துண்டுச்சீட்டை அழிக்கலாம். நோட்டும் பட்டியல்களும் இருக்கும்வரை ஆப்ட் அதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி எழுதிக்கொள்ளும். பட்டியல்களையும் அழிக்கலாம்; அப்டேட் அடித்தால் கம்போளத்திலிருந்து திரும்ப வரும். நோட்டை மட்டும் அழிக்கவே கூடாது. இந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்ற நினைவு அது ஒன்றுதான். அது கெட்டுப்போனாலும் கதை முடிந்துவிடவில்லை: பக்கத்திலேயே 'ஸ்டேட்டஸ்-ஓல்ட்' என்ற முந்தைய பிரதி இருக்கும், 'வார்' அடைவில் உள்ள 'பேக்கப்ஸ்' என்ற இடத்திலும் 'டிபிகேஜி டாட் ஸ்டேட்டஸ்' என்று தொடங்கும் பழைய பிரதிகள் இருக்கும். மறுபடி போடுவதற்கு முன் அங்கே எட்டிப் பாருங்கள்.

தக்கலைக்குத் திரும்பப் போய் நான் செய்தது ஒரு நிமிட வேலை. 'பின்' என்று முடியும் இரண்டு கேச் கோப்புகளை, அதாவது துண்டுச்சீட்டையும் அதே அடைவில் இருக்கும் அதன் கூட்டாளியையும், நீக்கினேன், ஆப்ட்டை ஓட்டினேன், எண்ணைப் பார்த்தோம்: 0. பையன் "இவ்வளவுதானா அண்ணா?" என்றான். இவ்வளவுதான். ஆனால் முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஏன் என்று தெரிந்திருக்காது. பேட்டரி மாற்று என்று அவனிடம் காரணத்தோடு சொல்லவும் முடிந்திருக்காது.

அப்படியானால் இது ஆப்ட்டின் தவறா, கரண்ட் போனதன் தவறா என்று கேட்கலாம். என் பதில், இரண்டும். சீட்டு பாதி எழுதப்பட்டுக் கெட்டதற்குக் காரணம் மின்சாரம் போனது. ஆனால் கெட்ட சீட்டைப் பார்த்தால் நல்ல நிரல் 'இது சரியில்லை, புதிதாக எழுதிக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும், மயங்கி விழக் கூடாது. உள்ளே வரும் கோப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் கிராஷ் ஆனால் அது நிரலில் உள்ள குறைதான்.

எழுதி அனுப்பும்போது

அதனால்தான் கிராஷை நிரலை எழுதுகிறவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறேன். டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்ற நிரல் இதற்கு வழிகாட்டும், உபுண்டுவில் 'அப்போர்ட்'. முதலில் இருப்பதிலேயே புதிய பதிப்பில் அதே நகலை வைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே விழாவிட்டால் யாரோ ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள். அங்கேயும் விழுந்தால் எழுதுங்கள். எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, பத்தில் எத்தனை தடவை, பேக்ட்ரேஸ் முழுவதும், விழ வைக்கும் மிகச்சிறிய கோப்பு. 'ஆப்ட் கிராஷ் ஆகிறது, உதவுங்கள்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்கோ தூரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? செம்பும் ஏணியும் அவர் கையில் போய்ச் சேர வேண்டும்.

அனுப்புவதை ஒரு தடவை நீங்களே வாசித்துப் பாருங்கள். நோட்டைப் பார்த்தால் உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியும். வேலை செய்யும் இடத்தின் தனி ரெப்போசிட்டரியைப் பயன்படுத்தினால் சோர்சஸ் கோப்பில் கடவுச்சொல் கூட இருக்கலாம், அதை நீக்கிவிடுங்கள். கோர் டம்பில் நிரலின் நினைவகம் முழுக்க இருப்பதால் அதைப் பொதுவில் போட வேண்டாம். கேட்டால் மட்டும், கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் பேக்ட்ரேஸே போதுமானதாக இருக்கும்.